கடைசிப் பக்கம் மட்டும் படித்தவன்

நேதன் எல்விட்ஜ் தன் பட்டச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கழிவறையில் மாட்டியிருந்தான். அடக்கத்துக்காகவாம். கூடத்தில் மாட்டினால் பீற்றிக்கொள்வது போலாகிவிடும் என்று விளக்கம் வேறு. ஆனால் அவன் ஆணி அடித்த இடம், கீழ்த்தளக் கழிவறையில் உட்காருகிறவரின் கண்ணுக்கு நேர் எதிரே. திஸில்பி கிராமத்தில் அந்த வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை தேநீர் குடித்த எவரும் அதைப் படிக்காமல் திரும்ப முடியாது. கேஸ் மீட்டர் பார்க்க வந்தவர்கூட, "சரித்திரமா தம்பி படிச்சே? நல்லது, நல்லது" என்று கைகளைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

"அங்கயாவது மனுஷங்களை நிம்மதியா உட்கார விடுடா" என்று அம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு முதியோர் இல்லத்து வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.

பட்டம் வாங்கி நான்கு வருடமாகிறது. அந்தப் பட்டம் பிடித்துக் கொடுத்த வேலை, மாவட்ட மன்ற அலுவலகத்தில் குப்பைத்தொட்டிப் புகார்களுக்குப் பதில் எழுதுவது. பச்சைத் தொட்டியை ஏன் எடுக்கவில்லை, பழுப்புத் தொட்டியின் மூடியை உடைத்தது யார் என்று ஊர் ஊராகக் கடிதம் வரும். நேதன் அனுப்பும் பதில்களில் முன்னுரை, விவாதம், முடிவுரை மூன்றும் இருக்கும். ஒருத்தி, "ஐயா, நீங்கள் எழுதியது புரியவில்லை, தொட்டியை மட்டும் எடுத்துப் போங்கள்" என்று திருப்பி எழுதினாள். அதையும் அவன் ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

அவனிடம் ஒரு வாக்கியம் உண்டு. "எங்க குடும்பத்துல பேனா பிடிச்ச முதல் ஆள் நான்தான்." வேலைக்கான நேர்காணலில் சொன்னான். பப்பில் பியர் நுரை அடங்குவதற்குள் சொன்னான். பல் வைத்தியர் வாயைத் திறக்கச் சொன்னபோது, திறந்த வாயோடு பாதி சொன்னான். யாராவது சந்தேகப்பட்டால் நிரூபிக்கத் தயாராக இருந்தான். சான்று கையில் இருந்தது. ஒன்றல்ல, நான்கு.

நான்கும் உயில்கள். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் அந்தக் காலத்தில் உயில் எழுதியவர் செத்தால் அது திருச்சபை நீதிமன்றத்துக்குப் போய்ப் பதிவாகிவிடும். எல்லாம் இப்போது மாவட்ட ஆவணக் காப்பகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. திஸில்பி எல்விட்ஜுகள் நான்கு பேரின் உயில்களை நேதன் கண்டுபிடித்திருந்தான். நான்கின் அடியிலும் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறிதான் இருந்தது. பக்கத்திலேயே, உயிலை அவர்களுக்காக எழுதிய வேறொருவர் கையால், 'இது இன்னார் வைத்த குறி' என்று ஒரு வரி. நூற்றைம்பது வருடம், நான்கு தலைமுறை, நான்கு கீறல். வேறொருவன் என்றால் வருத்தப்பட்டிருப்பான். நேதனுக்கோ தலை கால் புரியவில்லை. இத்தனை கீறலுக்குப் பிறகு வந்த கையெழுத்து அவனுடையதல்லவா!

ஊர்ச் சரித்திரச் சங்கத்தின் தலைவி மிஸஸ் பமேலா ஓட்லிங். ஊர் மன்றக் கட்டடத்துக்கு இடம் கொடுத்ததே அவர் கணவருடைய பாட்டனார்தான். அதை அவர் யாரையும் மறக்க விட்டதில்லை. குளிர்காலப் பேச்சு வரிசையில் பிப்ரவரி மாதத்துக்கு ஆள் அகப்படாமல் அவர் தவித்தபோது, நேதன் தானாகவே போய் நின்றான். பேருந்து நிழற்குடையில் சுவரொட்டி ஏறியது. 'கீறலிலிருந்து பட்டம் வரை: ஒரு திஸில்பி குடும்பத்தின் கதை. பேசுபவர் நேதன் எல்விட்ஜ், பி.ஏ. சனிக்கிழமை இரண்டு மணி. தேநீர், பழ ரொட்டி, குலுக்கல் உண்டு.' பி.ஏ. என்ற இரண்டெழுத்தைப் பெரிதாகப் போடச் சொன்னது யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அவன் கண் வைத்திருந்தது ஊர் மேலல்ல, ஒரே ஓர் ஆள் மேல். அப்பா ட்ரெவர் எல்விட்ஜ் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, அன்று முதல் ஒரே பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருப்பவர். மகனுடைய பட்டமளிப்பு விழாவுக்கு அவர் வரவில்லை. ஜூலை மாதம். பட்டாணி பதத்துக்கு வந்துவிட்டால் ஒரு நாள்கூடப் பொறுக்காது. அறுவடை மெஷின் விடிய விடிய ஓடும், நின்றால் மேனேஜர் ஜீப்பில் பறந்து வருவான். "எனக்குப் புரியுதுப்பா" என்று நேதன் அன்றே சொல்லிவிட்டான். நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறான் என்பதிலிருந்தே, புரியவில்லை என்று தெரியும்.

சுவரொட்டியைப் பார்த்துவிட்டு அப்பா, "சனிக்கிழமைதானே? வர்றேன்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து நேதன் குளியலறைக் கண்ணாடி முன்னால் பேசிப் பழக ஆரம்பித்தான்.

பேச்சுக்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை, லிங்கன் நகரத்துக்குப் போனான். நான்கு கீறல்களில் மிகக் கோணலானது 1729-இல் தாமஸ் எல்விட்ஜ் வைத்தது. அதைப் பளிச்சென்று இன்னொரு படம் எடுத்துத் திரை முழுவதும் காட்ட வேண்டும் என்று ஆசை. வாசிப்பறைக்குள் பேனாவுக்கு அனுமதியில்லை. மை சிந்திவிடுமாம், பென்சில் மட்டும்தான். குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள், வழக்கம்போலப் பேனாவைக் கழற்றி இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டு உள்ளே போனான்.

உள்ளே பெட்டி எடுத்துக் கொடுக்கிறவள் ஸ்டேசி ப்ராக்கில்ஸ்பி. நேதனோடு ஒரே வகுப்பில் படித்தவள், பதினாறு வயதில் நின்றுவிட்டவள். ஆறு வருடம் பேருந்து நிலையத்துக்கு அருகே மீன் வறுவல் கடையில் இருந்துவிட்டு இங்கே பெட்டி தூக்கும் வேலைக்கு வந்தாள். தூக்கிய பெட்டிகளைத் திறந்து பார்த்துப் பார்த்தே பழைய எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். "எங்க மீன்கடை முதலாளி எழுதுற ஆர்டர் சீட்டைப் படிச்சவளுக்கு இதெல்லாம் அச்சடிச்ச மாதிரி" என்பாள். நேதன் அரை மணி நேரம் முறைத்துப் பார்க்கும் வரியை அவள் நின்றபடியே படித்துவிடுவாள். மூன்று வருடப் பட்டப்படிப்பில் பழைய எழுத்து வகுப்பு வெள்ளிக்கிழமை மாலை இருந்தது என்றும், வெள்ளிக்கிழமை மாலை நேதன் எங்கே இருந்தான் என்றும் இங்கே விவரிக்க வேண்டாம்.

"வாங்க பட்டதாரி" என்றாள் ஸ்டேசி. "மறுபடியும் அதே கீறலா? ஏற்கெனவே நாலு படம் எடுத்துட்டுப் போனியே?"

"பெரிசாக் காட்டணும். நல்லாக் கோணலாத் தெரியணும்."

அவள் உயிலைக் கொண்டுவந்து பஞ்சுத் திண்டின் மேல் விரித்தாள். நேதன் நேரே கீழ்ப்பகுதிக்குப் போனான். அவன் இதுவரை எடுத்திருந்த நான்கு படங்களுமே உயிலின் கடைசிப் பக்கம்தான். அதற்குமேல் படிக்க நேரமும் இல்லை, எழுத்தும் பிடிபடவில்லை. கீறல் போதுமே!

"அது சும்மா கோணல் இல்லப்பா, நடுக்கம்" என்றாள் ஸ்டேசி. "முதல் பக்கம் பார்த்தியா? 'உடம்பு நலிந்து, நினைவு தெளிவாக'ன்னு ஆரம்பிக்குது. தேதி மே ஒன்பது. புதைச்சது மே பன்னிரண்டு. ஆளு சாகக் கிடக்கிறாரு. அந்த நேரத்துல பேனாவைக் கொடுத்தா நீ மட்டும் முத்து முத்தா எழுதிருவியா?"

"அந்தக் காலத்துல யாரு எழுதினா?" என்றான் நேதன், பட்டதாரிக் குரலில்.

ஸ்டேசி திரும்பி நடந்தாள். உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தாள். "ஒரு மாசமா திஸில்பிப் பெட்டிக்கு அட்டவணை போட்டுக்கிட்டிருக்கேன். சாட்சி பேரெல்லாம் எழுதணும். உங்க குடும்பப் பேரு வந்துக்கிட்டே இருக்கு. சொல்லணும்னு நினைச்சேன், நீதான் கீறலைப் படம் எடுத்ததும் ஓடிருறியே."

முதல் உயில், 1708-இல் ஒரு செருப்புத் தைப்பவருடையது. அடியில் சாட்சியாக 'தாமஸ் எல்விட்ஜ்' என்று கையெழுத்து. கீறல் இல்லை, கையெழுத்து. எழுத்துகளின் வால்கள் பன்றி வால் போலப் பின்னோக்கிச் சுருண்டிருந்தன.

"இப்போ மேல பாரு" என்றாள் ஸ்டேசி.

மேலே, உயில் முழுவதும், வரிக்கு வரி அதே பன்றி வால். உயிலை எழுதியவரே சாட்சிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அடுத்தது ஒரு விதவையுடையது. அங்கேயும் பன்றி வால். அடுத்தது தச்சர். அதற்கடுத்தது வில்லியம் ஓட்லிங், இருநூறு ஏக்கர்காரர். அவர் கீறல் வைத்திருக்கிறார், பக்கத்தில் பன்றி வாலோடு தாமஸ் எல்விட்ஜ். மொத்தம் பதினொரு உயில். இருபது வருடம், திஸில்பியில் சாகப்போகிறவர்கள் எல்லாம் ஆள் விட்டுக் கூப்பிட்டது இந்த மனிதரைத்தான்.

"வேற தாமஸ் எல்விட்ஜா இருக்கலாம்" என்றான் நேதன்.

"மாதாகோயில் பதிவேட்டையும் பார்த்துட்டேன். அந்த வருஷங்கள்ல ஊர்ல அந்தப் பேருல ஒரே ஆளுதான். மே பன்னிரண்டுல அவரைப் புதைக்கிறாங்க. அதுக்கப்புறம் இந்தப் பன்றி வால் எங்கயும் வரல." பிறகு உயிலோடு சேர்த்துத் தைத்திருந்த நீளமான தாளை விரித்தாள். "சொத்துப் பட்டியலைப் படிச்சியா?"

சொத்துப் பட்டியல் என்றால் என்ன என்பது நேதனுக்கு நன்றாகவே தெரியும், தேர்வில் எழுதியிருக்கிறான். ஆள் செத்ததும் அண்டை வீட்டார் இரண்டு மூன்று பேர் வந்து, அறை அறையாக நடந்து, கட்டில் முதல் முற்றத்துச் சாணக் குவியல் வரை எடுத்துச் செல்லக்கூடிய எல்லாவற்றையும் எழுதி விலை போடுவார்கள். தெரியும். படித்ததில்லை, அவ்வளவுதான். ஸ்டேசியின் விரல் ஓர் இடத்தில் நின்றது. பன்றி இறைச்சிக்கு உப்புப் போடும் தொட்டிக்கும் 'உடைந்த தட்டுமுட்டுச் சாமான்க'ளுக்கும் நடுவே ஒரு வரி: 'எழுதுமேசை ஒன்று, புத்தகங்கள்.'

நேதன் பதினொரு உயிலையும் இயந்திரம் போலப் படம் எடுத்துக்கொண்டான்.

"சனிக்கிழமை நானும் வர்றேன். முன்வரிசை" என்றாள் ஸ்டேசி. "பழ ரொட்டி உண்டாமே."

வியாழக்கிழமை முழுவதும் அலுவலகத்தில் ஒரு தொட்டிக்கும் ஒழுங்கான பதில் போகவில்லை. நேதனுக்குள் ஒரு வக்கீல் கிளம்பிவிட்டார். பதினொன்று என்பது ஒரு எண்ணிக்கையா? மற்ற மூன்று கீறல்கள் அப்படியேதானே இருக்கின்றன? பேச்சு தயார், சுவரொட்டி ஒட்டியாயிற்று, ஊரே வருகிறது. முந்நூறு வருடத்துக்கு முன் செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்? தெரிந்தது ஸ்டேசிக்கு மட்டும். அவளுக்கு ஒரு முழு பழ ரொட்டி வாங்கிக் கொடுத்தால்? இந்த எண்ணம் வந்ததை நேதன் பிற்பாடு தானே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை. கடையில் ரொட்டி விலையை விசாரித்துவிட்டே வந்தான்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு அப்பாவும் அவனும் சமையலறையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பா இறைச்சித் துண்டை ரொட்டிக்குள் வைத்து, மஞ்சள் ஊறுகாயைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு நான் வரல. லீக் வெங்காய வயல்ல தண்ணி நிக்குது."

"பிப்ரவரியில எப்பவும் தண்ணி நிக்கும்ப்பா."

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். "கடையில பமேலா ஓட்லிங்கைப் பார்த்தேன். 'ட்ரெவர், உன் படத்தைத் திரையில போடப்போறான் உன் பையன்'னா. என்ன படம்னேன். டிராக்டர் மேல உட்கார்ந்திருக்கிற படமாம். மேல என்னமோ எழுதியிருக்காமே?"

நேதன் ரொட்டியைத் தட்டில் வைத்தான். பேச்சின் கடைசிப் படம் அது. போன வாரம் மிஸஸ் ஓட்லிங்கிடம் பெருமையாகக் காட்டியிருந்தான். தலைப்பு: 'பேனா பிடிக்காத கடைசித் தலைமுறை.' எழுதியபோது அதை ஓர் அஞ்சலி என்றுதான் நினைத்திருந்தான்.

"அப்பா, அது வந்து... ஒரு மரியாதையா..."

"மரியாதையா?" அப்பா ஊறுகாய் பாட்டிலை மூடினார். "கீறல்னா நாங்கதானேடா? அங்கேர்ந்து ஆரம்பிச்சு பட்டம் வரைக்கும் நீ ஏறி வந்திருக்கே. நான் வந்து எங்க உட்காரணும்? கீறல் பக்கமா, டீ கொடுக்கிற பக்கமா?"

நேதன் அப்போதுதான் சொன்னான். தாமஸ், பதினொரு உயில், பன்றி வால், எழுதுமேசை. அப்பா குறுக்கிடாமல் கேட்டார்.

"ஊருக்கே எழுதிக் கொடுத்திருக்காரா அந்த மனுஷன்?"

"ஆமாப்பா."

"ஓட்லிங்குக்குமா?"

"ஓட்லிங்குக்கும்."

அப்பாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. உடனே நின்றுவிட்டது. "இது உனக்கு எப்போ தெரியும்?"

"புதன்கிழமை."

"இன்னிக்கு வெள்ளி."

அதற்கு நேதனிடம் முன்னுரையும் இல்லை, விவாதமும் இல்லை, முடிவுரையும் இல்லை. அப்பா தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நேதன் பின்முற்றத்துக்குப் போனான். அப்பா பண்ணைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அப்பா, உங்க ஷெட்டுல இருக்கிறதைப் பட்டியல் எடுக்கணும். தாமஸுக்கு எடுத்த மாதிரி."

"ஏன்டா, நான் சாகப்போறேனா?"

"இல்லப்பா..."

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானே இருந்தேன்." சாவியைத் தூக்கிப் போட்டார். "ஸ்பேனரை எல்லாம் எடுத்த இடத்துல வை. அதுக்கு விலை போட்டா, சரியான விலை போடு. அது ஜெர்மன் ஸ்பேனர்."

மதிப்புப் போட ஒருவர் போதாது, அண்டை அயலார் இரண்டு பேராவது வேண்டும் என்பது பழைய வழக்கம். ஸ்டேசிக்குப் போன் பண்ணினான். அரை மணியில் சைக்கிளில் வந்து இறங்கினாள். "பட்டதாரிக்கு இப்போதான் வேலை கிடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். ஜெர்மன் ஸ்பேனர் ஒரு செட், பழைய டயர் இரண்டு, எலிப்பொறி, வெங்காயச் சாக்கு, வானொலிப் பெட்டி ஒன்று (பாடாது) என்று அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். மேசை இழுப்பறையைத் திறந்தவள் நின்றுவிட்டாள்.

"இது என்ன?"

உள்ளே விதைக் கம்பெனிக்காரன் கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கும் சட்டைப்பை டைரிகள், ரப்பர் வளையம் போட்டு, வருட வரிசையில். நேதன் சின்ன வயதிலிருந்து பார்த்த டைரிகள்தான். அப்பா தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு சாஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து ஏதோ கிறுக்குவார். வயல் பெயர், என்ன விதைத்தது, எந்தப் பக்கம் காற்று. அதை அவன் எழுத்து என்று நினைத்ததே இல்லை. ஸ்பேனர், எலிப்பொறி மாதிரி அதுவும் ஒரு சாமான்.

எண்ணினார்கள். முப்பத்தெட்டு. நேதனின் கை தானாக நான்கு வருடத்துக்கு முந்தைய டைரிக்குப் போனது. ஜூலை மாதம். அந்த நாள். சின்னச் சின்ன எழுத்தில், பென்சிலில்:

'பட்டாணி. கீழ்வயல் பாதி. வெயில். 2.30 நேதன் பட்டம். மெஷின் பத்து நிமிஷம் நிறுத்தினேன். மேனேஜர் வந்தான். அடைப்பு என்றேன்.'

ஸ்டேசி அவன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். ரப்பர் வளையத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள், அவன் திரும்பப் போட்டு வைத்தான்.

"எழுது. டைரி, முப்பத்தெட்டு" என்றாள். "விலை?"

"விலை போட வேண்டாம்."

"பட்டியல்னா விலை போடணும். வழக்கம்."

"அப்போ இடத்தை விட்டு வை."

இரண்டு மணிக்கு ஊர் மன்றம் நிரம்பியிருந்தது. வெளியே தூறல், உள்ளே ஈரக் கோட்டு வாசனை, மூலையில் தேநீர்ப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா இல்லை. மிஸஸ் ஓட்லிங், 'நம் ஊர்ப் பட்டதாரி' என்று நான்கு முறை சொல்லி அறிமுகம் செய்தார். ஒரு வாரத்துக்கு முன்பென்றால் நேதன் அதை எண்ணி வைத்திருப்பான். அன்றும் எண்ணினான். ஆனால் ஒவ்வொரு முறையும் கூசிக்கொண்டே.

எழுந்து, மன்றச் சுவரிலும் ஒட்டியிருந்த அதே சுவரொட்டியைக் கழற்றினான். மேசை மேல் வைத்து, பேனாவால் தலைப்பின் குறுக்கே ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டு, தூக்கிக் காட்டினான்.

"இது நேதன் எல்விட்ஜ் வைத்த குறி" என்றான். "இந்த ஊர்ல இப்போதைக்கு நிச்சயமாச் சொல்லக்கூடிய கீறல் இது ஒண்ணுதான்."

பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னான். கடைசிப் பக்கத்தை மட்டும் படம் எடுத்தது, நடுக்கத்தைக் கோணல் என்று நினைத்தது, புதன்கிழமை தெரிந்தது, வெள்ளிக்கிழமை வரை வாயை மூடிக்கொண்டிருந்தது, பழ ரொட்டி விலை விசாரித்தது வரை ஒன்றையும் விடவில்லை. "எங்க குடும்பத்துல பேனா பிடிச்ச முதல் ஆள் நான்னு உங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். தப்பு. எங்க குடும்பத்துல முழுசாப் படிக்காமலே பேச வந்த முதல் ஆள் நான்." மன்றம் சிரித்தது. பப் முதலாளி பின்வரிசையிலிருந்து கத்தினார்: "அப்போ இத்தனை நாள் நான் காது கொடுத்துக் கேட்டதுக்கு எனக்கு ஒரு பியர் வாங்கிக் கொடுப்பா!"

திரையில் பதினொரு உயில்களும் ஒவ்வொன்றாக வந்தன. வில்லியம் ஓட்லிங்கின் கீறல் வந்ததும் மன்றத்தில் ஒரு சலசலப்பு. மிஸஸ் ஓட்லிங் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நேதன் கண்ணு, அது எங்க வில்லியமா?"

"ஆமா மிஸஸ் ஓட்லிங். ஆனா கீறலை வச்சு ஒண்ணும் சொல்லிற முடியாது. படுக்கையில கிடந்திருப்பாரு. கை வராம இருந்திருக்கும்."

முன்வரிசையில் ரொட்டி மென்றுகொண்டிருந்த ஸ்டேசி நிமிர்ந்தாள். "அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் நல்லா இருந்தாரே."

மன்றம் சிரிப்பில் அதிர்ந்தது. மிஸஸ் ஓட்லிங் அசையவில்லை. "கைச்சுளுக்கா இருக்கும்" என்றார் தீர்மானமாக. "எங்க குடும்பத்துல எல்லாருக்கும் உண்டு."

சிரிப்பு அடங்கும்போதுதான் நேதன் கவனித்தான். தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், சேறு காயாத பூட்ஸோடு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கீறல் பக்கம் இல்லை, டீ கொடுக்கிற பக்கம்.

கடைசிப் படம் வர வேண்டிய இடத்தில் டிராக்டர் படம் வரவில்லை. காலையில் எழுதிய பட்டியல் வந்தது. நேதன் அதைப் படித்தான். "திஸில்பி கிராமம், ட்ரெவர் எல்விட்ஜ் அவர்களின் ஷெட்டில் உள்ள சாமான்கள். ஆள் உயிரோடு இருக்கும்போதே அண்டை அயலார் இருவர் எடுத்தது. ஜெர்மன் ஸ்பேனர் ஒரு செட். பழைய டயர் இரண்டு. வானொலி ஒன்று, பாடாது. எலிப்பொறி ஒன்று. டைரி, அவர் கையாலேயே எழுதியது, நாள் தவறாமல்..." ஒருமுறை இருமினான். "முப்பத்தெட்டு."

"முப்பத்தொன்பது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். அப்பா சட்டைப்பையிலிருந்து இந்த வருடத்து டைரியை எடுத்துக் காட்டினார். "எண்ணத் தெரியாதவனுக்கெல்லாம் பட்டம் கொடுக்கிறாங்கப்பா" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிவிட்டு, தேநீருக்குக் கோப்பையை நீட்டினார்.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு வழக்கம்போல ரொட்டி, வழக்கம்போல மஞ்சள் ஊறுகாய். பேச்சைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து, சாஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் டைரியை வைத்துக் கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு கோழிக் கூண்டை மூட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். டைரி மேசை மேல் திறந்தபடியே கிடந்தது. அப்படித் திறந்து போட்டுவிட்டுப் போகிற ஆள் அவர் இல்லை.

நேதன் இழுத்து வைத்துக்கொண்டு, இந்த முறை மேலேயிருந்து ஆரம்பித்தான்.

'சனி. தூறல். தென்மேற்குக் காற்று. லீக் வயலில் தண்ணீர் இன்னும் வடியவில்லை, பாதியில் விட்டு வந்தேன். மன்றத்தில் நேதன் பேச்சு. 43 பேர். கொஞ்சம் நீளம். ஓட்லிங் கைச்சுளுக்கு நன்று. ஷெட் பட்டியலில் மண்வெட்டி விட்டுப்போயிற்று. சொல்ல வேண்டும்.'